கருவியின் கருத்துப்படி இரவு

உலகின் மாபெரும் திட்டங்கள் எல்லாம் ஒரு குழந்தையின் கேள்வியில் பிறந்து, ஒரு குழுக் கூட்டத்தில் வளர்ந்து, ஒரு பிளக்ஸ் பேனரில் மோட்சம் அடைகின்றன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த கடலோரக் குடும்பப் பதிவேட்டு அலுவலகத்தின் 'தானியங்கிச் சாளர நிழலமைப்புத் திட்டம்' இந்த உண்மைக்கு ஓர் ஒளிமயமான சான்று. 'ஒளிமயமான' என்ற சொல்லைப் பற்றிப் பிறகு கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்.

கேள்வியைக் கேட்டது உதவி இயக்குநர் கண்ணாயிரத்தின் ஆறு வயது மகள். 'தானே' புயல் அடித்து ஓய்ந்த இரண்டாம் மாதம் அது. அலுவலகத்தின் மேற்குப் பக்கம் நின்ற நாலு தூங்குமூஞ்சி மரங்களும் புயலில் வேரோடு படுத்துவிட்டன. அதுவரை மரங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே வந்த வெயில், இப்போது யாரையும் கேட்காமல் மேசைமேல் ஏறி உட்கார்ந்தது. ஊழியர்கள் ஜன்னல்களைச் சாத்தி, கண்ணாடியில் பழைய காலண்டர்களை ஒட்டி, டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். பள்ளிக்கூடம் லீவு என்று அப்பாவோடு வந்திருந்த குழந்தை சுற்றுமுற்றும் பார்த்தது.

"அப்பா, வெளில இவ்ளோ வெளிச்சம் இருக்குதே, உள்ள எதுக்கு லைட்டு?"

சாதாரணத் தகப்பனாக இருந்தால் ஒரு காலண்டரைக் கிழித்திருப்பார். கண்ணாயிரம் அதிகாரி. கேள்வியைக் கோப்பில் ஏற்றினார். 'பொருள்: வெளியே வெளிச்சம் இருக்கையில் உள்ளே விளக்கு எரிவது குறித்து.' விழுந்த மரங்களுக்குப் பதிலாக நாலு கன்றுகளை நடலாம் என்று யாரோ ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள். மரக்கன்றுக்கு உத்தரவாத அட்டை கிடையாது என்ற காரணத்தால் அந்த யோசனை தள்ளப்பட்டது. கோப்பு சென்னைக்குப் போயிற்று. நாலே மாதத்தில் பதினோரு ஜன்னல்களாகத் திரும்பி வந்தது.

அந்த ஜன்னல்களின் பெருமையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் அலுமினியப் பட்டைகளாலான திரை. திரையை ஏற்றி இறக்க மோட்டார். மோட்டாருக்கு உத்தரவு போட, மேற்குச் சுவரின் வெளிப்பக்கம், தீப்பெட்டி அளவில் ஓர் ஒளி உணரி. அதை எல்லாரும் 'கண்ணு' என்றார்கள். வெயில் சுள்ளென்று அடித்தால் பட்டைகள் சாயும். வெளிச்சம் இதமாக இருந்தால் திரை மேலே ஏறும். இருட்டிவிட்டால் திரை முழுக்க இறங்கி, விளக்குகள் தாமாக எரியும். மனிதக் கை எதையும் தொட வேண்டியதில்லை. கண்ணாடிக்கு நடுவே இருப்பதால் தொடவும் முடியாது. ஜன்னலைத் திறக்கவும் முடியாது. ஆனாலும், தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் எச்சரித்தது.

திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து இயக்குநரே வந்தார். ரிப்பன் வெட்டினார். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் வந்திருந்தது. அந்த வருடம் கடலூரில் கரண்ட் என்பது ஒரு மணி நேரம் இருந்துவிட்டு ஒரு மணி நேரம் ஊர் சுற்றப் போகிற விருந்தாளி. திரைகள் 'ங்ங்' என்று ஏறின. கைதட்டினார்கள். இயக்குநர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன ஒரு மணி நேரம் கழித்துப் பேனர் வந்தது. நெல்லிக்குப்பத்தில் அச்சடிக்கக் கொடுத்திருந்த இடத்திலும் கரண்ட் இல்லாததால் தாமதம். இருபது அடி அகலம், பத்து அடி உயரம். நடுவில் இயக்குநர், அவர் காலடியில் பாஸ்போர்ட் அளவில் கண்ணாயிரம், மேலே 'வெளிச்சத்தின் வழிகாட்டியே, வருக' என்ற வாசகம். வந்து போனவரை வருக என்று அழைப்பது முறையா என்று யோசிக்காமல், மொட்டைமாடியிலிருந்து மேற்குச் சுவரில் அதை விறைப்பாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். மூன்று மணிக்குக் கட்டி முடித்தார்கள். மூன்று பத்துக்குப் பதினோரு திரைகளும் இறங்கின. விளக்குகள் எரிந்தன. இதுவும் விழாவின் ஒரு பகுதி என்று நினைத்து ஊழியர்கள் இன்னொரு முறை கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் பொழுது விடியவில்லை.

இதை முதலில் கவனித்தவர் மரியலூர்து. பதிவறையின் உதவியாளர். இருபத்தாறு வருடச் சேவை. ஓய்வுக்கு இன்னும் நாலு மாதம். காலையில் வந்ததும் சட்டைப்பையில் இருக்கிற ஜெபமாலையை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் பீரோவைத் திறப்பார். மேலதிகாரிகள்மேல் மரியாதை உள்ளவர். கருவிகள்மேல் அதைவிட ஜாஸ்தி. அப்படிப்பட்டவரே ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், திரை ஏறவே மாட்டேங்குதுங்களே" என்று கண்ணாயிரத்திடம் போய் நின்றார்.

கருவியைப் பொருத்திய நிறுவனத்தின் சிதம்பரம் கிளையிலிருந்து சுரேந்தர் என்ற இளம் பொறியாளர் வந்தார். ஏணியில் ஏறினார். பேனரின் ஓரத்தைத் தூக்கினார். உள்ளே திரைகள் ஏறின. விட்டார், இறங்கின. மூன்று முறை செய்து காட்டிவிட்டுக் கீழே வந்தார். உடனே கூட்டம் கூட்டப்பட்டது.

"பேனர் மறைக்குது சார்" என்றார் சுரேந்தர். "கண்ணு அதுக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சு. அதுக்கு இப்ப ராத்திரி."

"ராத்திரின்னு கருவி சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

"கருவிதான் சார் சொல்லுது."

"அப்ப கருவி சரியா வேலை செய்யுதுன்னு எழுதிக் குடுங்க."

சுரேந்தர் எழுதிக் கொடுத்தார். பிறகு தயங்கி, "பேனர ரெண்டு அடி தள்ளிக் கட்டுனா போதும் சார்" என்றார்.

"தள்ளிக் கட்டுனா இயக்குநர் மொகம் சன்ஷேடுக்குள்ள பூந்துடும். கழுத்துலேர்ந்துதான் தெரிவாரு. நீங்க பஸ்ஸப் புடிச்சு சிதம்பரம் போயிடுவீங்க. நான் எங்க போறது?"

"அப்ப கழட்டிடலாம்."

கண்ணாயிரம் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, அவரு இன்னும் அதப் பாக்கவே இல்ல. பாக்காத பேனர எறக்குனா, நாளைக்கு வந்து 'எனக்குப் பேனரே வெக்கலியா'ன்னு கேப்பாரு. வெச்சோம், கழட்டிட்டோம்னு சொன்னா வெக்காததவிட மோசம்."

டீ கொண்டுவந்த அலுவலக உதவியாளர் ராஜாமணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சார், ஆபீசுல ராத்திரின்னா, நம்மளுக்கு நைட் டூட்டி பேட்டா உண்டுங்களா?"

அந்தக் கேள்வி மட்டும் கோப்பில் ஏறவில்லை. கூட்டக் குறிப்பு இப்படி முடிந்தது: 'கருவி நன்முறையில் இயங்கி வருகிறது. அலுவலகத்தில் தற்போது இரவு என்பது கருவியின் கருத்து. கருவியின் கருத்தில் இவ்வலுவலகம் தலையிடுவதற்கில்லை. ஒளி உணரியை இடம் மாற்றுவதற்கான மதிப்பீடு தலைமையகத்துக்கு அனுப்பப்படும். இயக்குநரின் அடுத்த வருகை வரை பேனரை எவரும் தொடலாகாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை.'

சிக்கனமும் கைகூடியது. திரைகள் அசையவே இல்லை என்பதால் மோட்டார்களின் மின்செலவு முற்றிலும் நின்றுபோயிற்று. பகல் முழுக்க எரிகிற விளக்குகளின் செலவு 'திட்ட வரம்புக்குள் வராது'. கரண்ட் போகும்போது விளக்கும் எரியாது. அப்போது சிக்கனம் முழுமை பெறும். ஊழியர்கள் அந்த முழுமையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எல்லாரும் உட்கார்ந்திருக்கலாம், அஞ்சம்மாளால் முடியாது. தேவனாம்பட்டினத்து அம்மா. கூடையில் மீன் கொண்டுவந்து மஞ்சக்குப்பத்துத் தெருக்களில் விற்றுவிட்டு, பதினொரு மணிவாக்கில் வெறுங்கூடையோடு பதிவறைக்கு வருவார். கணவர் பச்சமுத்து மூன்று வருடம் முன்னால் காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகள் சரண்யா பன்னிரண்டாவது முடித்திருந்தாள். சிதம்பரத்தில் செவிலியர் படிப்புக்கு, கடலோரக் குடும்பப் பதிவேட்டில் பெயர் உள்ள வீட்டுப் பெண் ஒருத்திக்கு ஓர் இடம் உண்டு. அவளுக்குத்தான் அழைப்பு வந்திருந்தது. பதிவேட்டில் அப்பா பெயர் இருக்கிற வரியைப் பார்த்து எழுதிய நகல் ஒன்று வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வரி பதினாலாம் பதிவேட்டில் இருந்தது. புயலன்று உடைந்த ஜன்னல் வழியாக வந்த மழை, அந்தப் பதிவேட்டின் ஒன்பது தாள்களை நனைத்திருந்தது. மை வெளிறி, எழுத்து நிழல்போல ஆகிவிட்டது. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வரும். புயலுக்குப் பிறகு எத்தனையோ பேருக்கு மரியலூர்து அப்படிப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். டியூப்லைட்டில் தாள் மட்டும்தான் தெரியும். டார்ச் அடித்தால் தாள் பளபளக்கும்.

வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் புயலுக்குப் பிறகு முற்றத்தில் காயப்போட்ட ஒன்பதாம் பதிவேட்டைப் பசுமாடு ஒன்று பதிமூன்று பக்கம்வரை 'ஆய்வு' செய்துவிட்டது. அதிலிருந்து எந்தப் பதிவேடும் பதிவறை வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று எழுத்துபூர்வமான உத்தரவு.

"இன்னிக்காவது பாத்தீங்களா சார்?" என்றார் அஞ்சம்மாள், நாலாவது முறையாக வந்தபோது.

"பாத்தேம்மா. தெரியல."

"பேரு இருக்குதா, இல்லியா?"

"இருக்கும்மா. தெரியல."

"வெளில வெயிலு மண்டையப் பொளக்குது. உள்ள வந்தா காலு எங்க வெக்கிறதுன்னு தெரியல. இன்னா சார், உங்க ஆபீசுக்கு மட்டும் தெனமும் அமாவாசையா?"

"இது புது ஏற்பாடும்மா. எல்லாம் தானா நடக்கும்."

"எது தானா நடக்கும்? எம் பொண்ணு படிப்பா?"

பிறகு அந்த அம்மாவே குரலைத் தணித்துக்கொண்டார். "வர்ற செவ்வாக்கெழம சிதம்பரத்துல நேர்ல கூப்புட்டிருக்காங்க. காயிதம் இல்லன்னா சீட்டு அடுத்த புள்ளைக்குப் போயிடுமாம். அந்தப் புள்ளையும் பாவம்தான். ஆனா எம் பொண்ணு மாத்து யூனிபாரத்துக்குத் துணியே எடுத்து வெச்சிட்டா சார்."

மரியலூர்து கண்ணாயிரத்திடம் போனார். பேனரைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே கண்ணாயிரம் மேசைமேல் இருந்த கூட்டக் குறிப்பைத் தொட்டுக் காட்டினார். "கையெழுத்துப் போட நான் ரெடிய்யா. நீ படிச்சுட்டு எழுது. படிக்காம மட்டும் எழுதிடாத."

"படிக்க வெளிச்சம் வேணும் சார்."

"லைட்டுதான் எரியுதே. பகல்ல கூட எரியிது. இன்னும் இன்னா வேணும்?" பிறகு சற்று இறங்கி, "நாலு மாசத்துல ரிட்டையர் ஆவப்போறவரு. உங்க பென்ஷன் பேப்பரு எந்த டேபிள் வழியா போவும்னு யோசிச்சுக்குங்க" என்றார். அது மிரட்டல் இல்லை. அக்கறைதான். அந்த அலுவலகத்தில் இரண்டுக்கும் ஒரே குரல்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. திறக்க முடியாத பதினோரு ஜன்னல்களுக்குள் அலுவலகம் புழுங்கியது. மரியலூர்துவுக்குச் சர்க்கரை நோய்; காலையில் மாத்திரை போட்டவர், அவசரத்தில் சரியாகச் சாப்பிடவில்லை. அஞ்சம்மாள் வந்து நின்றதும், "திங்கக்கெழம வாங்கம்மா" என்று சொல்ல வாயெடுத்தார். 'திங்க' வரைதான் வந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது. உடம்பெல்லாம் வேர்த்து, நாற்காலியிலிருந்து சரிந்தார்.

அந்த அம்மா பாய்ந்து வந்து தாங்கினார். அவரைத் தரையில் சாய்த்து உட்காரவைத்து, "அசையாதீங்க, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். எதிரே இருந்த மைதானத்து ஓரத்தில் கரும்புச்சாறு வண்டி. கண்ணாடி டம்ளரை வெளியே கொடுத்து அனுப்ப வண்டிக்காரருக்கு மனமில்லை. தன் மீன்கூடையை ஈடாக அங்கே வைத்துவிட்டு டம்ளரோடு வந்தார். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, ஒரு கையால் அவர் தலையைப் பிடித்து, மறுகையால் புகட்டினார். மகளின் விண்ணப்பம் இருந்த கோப்பு அட்டையாலேயே அரைமணி நேரம் விசிறினார். அவர் பேச்சு தெளிந்த பிறகுதான் எழுந்தார்.

"காசு எவ்ளோம்மா?" என்றார் மரியலூர்து.

"சும்மா இருங்க சார். ஒடம்பப் பாருங்க." டம்ளரை எடுத்துக்கொண்டார். நகலைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க மறந்துவிட்டாரா, கேட்கிற நேரம் இதுவல்ல என்று விட்டுவிட்டாரா, மரியலூர்துவுக்குத் தெரியவில்லை. அதுதான் அவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் எல்லாரும் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மரியலூர்து சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனார். பதிவறைச் சாவி அவரிடம்தான் இருக்கும். தெருவில் ஆள் இல்லை. ஒன்பதிலிருந்து பத்துவரை கரண்ட் கிடையாது என்பது ஊருக்கே மனப்பாடம். படியில் உட்கார்ந்து ஒரு ஜெபமாலை சொல்லி முடித்தார். பத்து ஆயிற்று. வராந்தா மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

மொட்டைமாடிக்கு ஏறினார். பேனரின் மேல் முடிச்சுகளில் ஒன்றை அவிழ்த்தார். இரண்டாவதைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். மூன்றாவது தானாகவே நெகிழ்ந்து கொடுத்தது. இயக்குநர் நெற்றியிலிருந்து மெல்ல மடிந்து, தம் செருப்பைத் தாமே பார்க்கிற பாவனையில் தலைகீழாகத் தொங்கினார். மரியலூர்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சார், கொஞ்ச நேரம்தான்" என்று அந்த முதுகிடம் சொன்னார்.

கீழே 'ங்ங்' என்று சத்தம் கேட்டது.

பதிவறைக்குள் அவர் நுழைந்தபோது வெளிச்சம் மேசைவரை வந்திருந்தது. பதினாலாம் பதிவேட்டை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தார். முதலில் ஒரு கோடு. பிறகு ஒரு கொம்பு, ஒரு கால். பிறகு பெயர். பச்சமுத்து, தேவனாம்பட்டினம். மனைவி அஞ்சம்மாள். மகள் சரண்யா, வயது மூன்று.

நகலை எழுதி முடித்து இரண்டுதரம் சரிபார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பீரோவை மூடப் போனவர் நின்றார். நனைந்த தாள்களில் இன்னும் எத்தனை வீடுகள் இருந்தன. என்றைக்காவது வெறுங்கூடையோடு யாராவது வந்து நிற்பார்கள். மறுபடி உட்கார்ந்து, ஒன்பது தாள்களிலும் எழுத்து மங்கிய வரிகளை மட்டும் ஒரு வெள்ளைத்தாள் கட்டில் படியெடுத்தார்; கை வலித்தபோது மட்டும் நிமிர்ந்தார். எல்லாம் நாற்பது நிமிடம். கரும்புச்சாற்றின் விலைக்கு இது கூடுதல் என்று கணக்குப் பார்ப்பவர்கள் சொல்லலாம். அவர் அதைக் குறைவு என்றுதான் நினைத்தார்.

பிறகு மாடிக்கு ஏறி, மூன்று முடிச்சுகளையும் பழையபடியே போட்டார். இயக்குநர் தலை நிமிர்ந்தார். அலுவலகத்தில் மறுபடி இருட்டியது.

திங்கட்கிழமை கண்ணாயிரம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "எப்படிய்யா தெரிஞ்சுது?"

"நல்ல வெளிச்சத்துல பாத்தேன் சார்."

"லைட்டே போதும்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"

அஞ்சம்மாள் நகலை வாங்கி, எழுத்துகளின்மேல் ஊதிவிட்டு, முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "கண்ணு தெரிஞ்சிடுச்சா சார்?"

"தெரிஞ்சிடுச்சும்மா. பஸ்ஸப் பாத்து ஏறுங்க."

செவ்வாய்க்கிழமை தாயும் மகளும் சிதம்பரம் போனார்கள். இடம் கிடைத்தது. அந்த அம்மாவுக்குக் கரும்புச்சாறு ஞாபகமே இல்லை. மரியலூர்து ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்த ஆண்டு, மின்சிக்கனத்தில் முன்மாதிரி என்று அலுவலகத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. கண்ணாயிரம் தலைமையகத்துக்கு அனுப்பிய அறிக்கையோடு, கருவி தானே பதிந்துவைத்த குறிப்புகளும் இணைக்கப்பட்டிருந்தன. அறிக்கையின் கடைசிப் பத்தி இது:

'திறப்பு விழா நாள் முதல் இன்றுவரை கருவி பிசகின்றி இயங்கி வருகிறது. நிறுவனப் பொறியாளர் வந்து சோதித்த நாள் நீங்கலாக, கோளாறு என்று பதிவானது ஒன்றே ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 10.07 முதல் 10.52 வரை, தகுந்த காரணம் எதுவுமின்றி, இவ்வலுவலகத்தில் பொழுது விடிந்திருக்கிறது. இனி அவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்ளப்படும்.'